வண்டியுள்ள உறுப்பினர்

சிறிய ராக் குழுக்களின் பாடகர்களைப் பற்றியும் கிட்டார் கலைஞர்களைப் பற்றியும் எழுதப்பட்டவை உலகில் ஏராளமாக இருக்க, அக்குழுக்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதை விசாரித்தவர்கள் குறைவு. விசாரித்தால், ஏறக்குறைய ஒவ்வொரு குழுவிலும், இசைக்காக அல்லாமல் வண்டிக்காகச் சேர்க்கப்பட்ட ஒருவர் இருப்பது தெரியவரும். இக்கட்டுரை அவரை ‘வண்டியுள்ள உறுப்பினர்’ என்று குறிப்பிடுகிறது. ஓட்டுநர் என்று குறிப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். பேஸ் கிட்டார் கலைஞர் என்று குறிப்பிட்டால் மற்ற உறுப்பினர்கள் சிரிப்பார்கள்.

இவ்வகையினரை இயற்கையான சூழலில் கவனிப்பதற்குச் சென்னையின் தென் புறநகரில் பொத்தேரியைவிடத் தகுந்த இடம் கிடையாது. ஒரு பக்கம் கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயில் பாதை, மறுபக்கம் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம், நடுவில் ஜி.எஸ்.டி. சாலை என்று அமைந்த ஊர் அது. (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்பதன் சுருக்கமே ஜி.எஸ்.டி. 2017-இல் வந்த வரிக்கும் அதற்கும் தொடர்பில்லை, சாலைதான் மூத்தது.) 1985-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2002-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அந்நிறுவனத்துக்கு இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வருவதால், பொத்தேரியின் டீக்கடைகளில் இந்தியும் தெலுங்கும் வங்காளமும் மலையாளமும் தாராளமாகப் புழங்குகின்றன. இப்படி வந்தவர்களில் சிலர் கிட்டாரோடு வருகிறார்கள். இரண்டாம் ஆண்டில் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக் குழு அமைத்து, மூன்றாம் ஆண்டில் புகழுக்கு முயன்று, நான்காம் ஆண்டில் வளாகத் தேர்வுக்காக முடி வெட்டிக்கொள்கிறார்கள். ஒரு ராக் குழுவின் இயல்பான ஆயுட்காலம் இதுவே.

ஹைதராபாத்திலிருந்து பாடகரும், கொல்கத்தாவிலிருந்து கிட்டார் கலைஞரும், கோட்டயத்திலிருந்து டிரம்ஸ் கலைஞரும் வந்துவிட்ட நிலையில், குழுவிடம் இல்லாதவை இரண்டு: வாகனமும் தமிழும். இவ்விரண்டையும் ஒருங்கே உடையவர் கூடுவாஞ்சேரியிலோ ஊரப்பாக்கத்திலோ வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்துபோகும் உள்ளூர் மாணவர். அவருடைய தந்தை 20 லிட்டர் தண்ணீர் கேன் விநியோகம் செய்பவர். வீட்டு வாசலில் ஒரு மாருதி ஓம்னி நிற்கிறது. அந்த மாணவருக்கு என்ன வாசிக்கத் தெரியும் என்ற கேள்வி நேர்காணலின் இறுதியில், அதுவும் ஒரு மரியாதைக்காகவே, கேட்கப்படுகிறது.

இது பொத்தேரியின் தனிச்சிறப்பு என்று கருதிவிடலாகாது. 1961-இல் லிவர்பூல் நகரில் கணக்கர் பயிற்சியில் இருந்த நீல் ஆஸ்பினால் என்ற இளைஞர் 80 பவுண்டு கொடுத்து ஒரு பழைய காமர் வேன் வாங்கி, பீட்டில்ஸ் குழுவினரை ஆளுக்கு 5 ஷில்லிங் வாங்கிக்கொண்டு நிகழ்ச்சிகளுக்கு ஏற்றிச் சென்றார். பிற்காலத்தில் அக்குழுவின் ஆப்பிள் நிறுவனத்தையே 2007 வரை நடத்தினார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பியானோ கலைஞர் இயன் ஸ்டுவர்ட்டின் கதை இன்னும் ஆழ்ந்த ஆய்வுக்குரியது. 1963-இல் குழுவின் புதிய மேலாளர், ஆறு பேர் அதிகம் என்றும், இவருடைய முகவெட்டு குழுவுக்குப் பொருந்தவில்லை என்றும் சொல்லி, இவரை மேடையிலிருந்து இறக்கினார். இவரோ வேனிலிருந்து இறங்க மறுத்து, 1985-இல் இறக்கும் வரை குழுவின் பயணப் பொறுப்பாளராகவும் இடையிடையே பியானோ கலைஞராகவும் நீடித்தார். அதே குழுவில் 1962-இன் இறுதியில் சேர்ந்த பேஸ் கலைஞர் பில் வைமனிடம் நல்ல ஆம்ப்ளிஃபையர் இருந்ததே அவரைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் என்று சொல்லப்படுவதும் உண்டு. சொத்துரிமைக்கும் கலைக்கும் உள்ள தொடர்பை மார்க்சிய விமரிசகர்கள் வேறு இடங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இம்மரபு புதிதன்று. ஊர் ஊராகப் போய்ப் பாடும் சிறு குழுவின் வாழ்க்கையைப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம் தம்பியரோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் வாழ்ந்து காட்டினார். அத்தம்பியரில் ஒருவரான இளையராஜா 1968-இல் சென்னைக்கு வருவதற்கு முன் பெற்ற இசைப் பயிற்சியில் பெரும்பகுதி அந்தப் பயணங்களில் கிடைத்ததுதான். ஏ.ஆர்.ரஹ்மானின் குடும்பமோ, தந்தை ஆர்.கே.சேகர் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்தது. வாசிப்பவரின் பெயரை மட்டுமே உலகம் நினைவில் வைக்கிறது. கருவியைக் கொடுத்தவரின் பெயரும் தூக்கியவரின் பெயரும் நன்றியுரையில் நேரமின்மையால் விடுபடுகின்றன.

வண்டியுள்ள உறுப்பினருக்குப் பேஸ் கிட்டார் ஒதுக்கப்படும் முறை எளிமையானது. சாதாரணக் கிட்டாருக்கு ஆறு தந்தி, பேஸுக்கு நான்கு. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு திறமை போதும் என்ற கணக்கைக் கிட்டார் கலைஞர் முன்வைக்க, மற்றவர்கள் அதை ஏற்கிறார்கள். பேஸ் என்பது பாட்டின் அடித்தளமாக அமையும் கீழ் சுருதி ஒலிகளை வாசிக்கும் கருவி. சரியாக வாசிக்கப்படும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை, தவறினால் எல்லோரும் டிரம்ஸ் கலைஞரை முறைக்கிறார்கள். அந்த வகையில் புதியவருக்கு ஏற்ற பாதுகாப்பான பதவி அது.

ஆனால் பாதுகாப்பு மேடையோடு முடிந்துவிடுகிறது. ஒத்திகைக்காக வாடகைக்கு எடுத்த அறையின் சுவர்களில் முட்டைக் கடையிலிருந்து வாங்கிய அட்டைத் தட்டுகளை ஒட்டி ஒலி வெளியேறாமல் தடுத்துவிட்டதாகக் குழு நம்புகிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். எட்டு மீட்டர் நீளமுள்ள ஒன்றை அரை அங்குல முட்டை அட்டையால் மறிக்க முடியாது என்பதை இயற்பியல் துறை மாணவர்களே உணர்வதில்லை. பாடகரின் குரலும் கிட்டாரின் மேல் சுரங்களும் சுவரில் ஓரளவு அடங்கிவிட, கீழ்த் தளத்தில் வசிக்கும் வீட்டுக்காரரின் பாத்திர அலமாரியைப் போய்ச் சேர்வது பேஸ் மட்டுமே. அவர் மாடியேறி வந்து கதவைத் தட்டும்போது, குற்றவாளியும் பேஸ் கலைஞர்தான். தமிழ் தெரிந்த ஒரே காரணத்தால் குழுவுக்காக வாதாடும் வழக்கறிஞரும் அவர்தான்.

“தம்பி, என்னப்பா இது, வீடா மில்லா?”

“இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அங்கிள். இனிமே ஆறு மணிக்கு மேல வாசிக்க மாட்டோம் அங்கிள்.”

“நேத்தும் இதைத்தானப்பா சொன்ன.”

இந்த உரையாடல் நடக்கும்போது மற்ற மூவரும் மொழி புரியாதவர்களின் கண்ணியத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டிரம்ஸ் கலைஞருக்கு உண்மையில் தமிழ் நன்றாகவே புரியும். அதை வெளியில் காட்டிக்கொள்வதில்லை.

கல்லூரி ராக் குழுக்களின் பயணப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், பின்பு செப்டம்பரிலும் அமைகிறது. காரணம், அவர்களை மேடையேற்றும் கலைவிழாக்கள் அப்போதுதான் நடக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் ஜனவரியிலும், வேலூர் வி.ஐ.டி.யின் ரிவீரா பிப்ரவரியை ஒட்டியும், திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டெம்பர் செப்டம்பரிலும் வருகின்றன. சொந்த ஊரான பொத்தேரியில் நடக்கும் மிலன் விழாவில் இக்குழுவுக்கு மாலை நான்கு மணி வெயிலில் இடம் கிடைக்கும். உள்ளூர் மாடு விலை போகாது என்று இதைப் பற்றிப் பாடகர் தம் மொழியில் ஏதோ சொல்வார்.

பயணத்தின் முதற்கட்டம் வண்டியில் பொருள் ஏற்றுவது. ஓம்னி என்பது 1984 முதல் 2019 வரை தயாரிக்கப்பட்ட, 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட எஞ்சினால் இயங்கும், பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுள்ள வேன். திரைப்படங்களில் ஆட்களைக் கடத்துவதற்கென்றே படைக்கப்பட்டது போல் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டதால், இரவில் இதில் தலைமுடி வளர்த்த நால்வர் போவதைக் காணும் எந்தப் போலீஸ்காரரும் கையைக் காட்டாமல் விடுவதில்லை. இதனுள் டிரம்ஸ் தொகுதி ஒன்று, ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டு, கிட்டார் பெட்டிகள் மூன்று, உறுப்பினர்கள் நால்வர், ‘புகைப்படம் எடுக்க’ உடன்வரும் நண்பர் ஒருவர் ஆகிய அனைத்தையும் அடக்கும் கணக்கு வண்டியுள்ள உறுப்பினருக்கு மட்டுமே தெரியும். முதலில் பெரிய மேளம், அதன் வயிற்றுக்குள் கேபிள்கள், மேலே சிம்பல்கள் எனப்படும் வெண்கலத் தட்டுகள் போர்வையில் சுற்றி, ஓரத்தில் கிட்டார்கள் நின்றவாறு, மிச்சமிருக்கும் இடுக்குகளில் மனிதர்கள். வேறு யாராவது ஏற்ற முயன்றால் கடைசியில் ஒரு ஆம்ப்ளிஃபையரும் பாடகரும் தரையில் மிஞ்சி நிற்பார்கள். பொதுவாக ஆம்ப்ளிஃபையரையே முதலில் ஏற்றுவார்கள்.

முன்னிருக்கையைக் கௌரவமாக நினைத்துப் பாடகர் பாய்ந்து பிடித்துக்கொள்வார். ஓம்னியின் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது என்பதையும், மதுராந்தகம் தாண்டுவதற்குள் அந்த இருக்கை தோசைக்கல்லாகிவிடும் என்பதையும் வண்டியுள்ள உறுப்பினர் முன்கூட்டியே சொல்வதில்லை. ஸ்டீரியோவும் அவர் வசமே இருக்கிறது. மேடையில் ஐரோப்பிய மெட்டல் இசை வாசிக்கும் அக்குழு, வண்டிக்குள் திருச்சி வரை இளையராஜாவைக் கேட்டாக வேண்டும். ஆட்சேபிப்பவர் பேருந்தில் வரலாம், கிளாம்பாக்கம் நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் பயணத்தில் இதைச் சர்வாதிகாரம் என்று கண்டித்த கிட்டார் கலைஞர், சில பயணங்களுக்குப் பிறகு, எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் எங்கெங்கே போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கத் தொடங்குகிறார். வண்டியுள்ள உறுப்பினருக்கு அது முன்பே தெரியும். அவருடைய இசைக் கல்வி முழுவதும், தண்ணீர் கேன் போடும் காலைப் பொழுதுகளில், அந்த ஸ்டீரியோவில் நடந்ததுதான்.

பயணத்தின் பெரும் தடை சுங்கச்சாவடி. பொத்தேரியிலிருந்து திருச்சி வரையிலான முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று அவை வரிசையாக வருகின்றன. ரொக்கம் கொடுத்துச் சீட்டைக் கசக்கி எறிந்த காலத்தில் ஒரு மகன் எங்கே போகிறான் என்பது அவனுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. 2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டது. ஃபாஸ்டேக் என்பது வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டப்படும் அட்டை. சாவடியைக் கடக்கும்போது கணக்கிலிருந்து பணம் தானாகக் கழிந்து, கணக்குக்குரியவரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். கணக்குக்குரியவர் தந்தை. ‘புராஜெக்ட் ரிவ்யூ’ என்று சொல்லிவிட்டுப் புறப்பட்ட மகனின் இசைப் பயணத்தை அவர் கூடுவாஞ்சேரியில் ஈசிச்சேரில் சாய்ந்தபடியே சாவடி சாவடியாகப் பின்தொடர்கிறார். பரனூருக்குப் பொறுமை காக்கிறார், ஆத்தூருக்கு எழுந்து உட்காருகிறார், மூன்றாவது செய்திக்குத் தொலைபேசியை எடுக்கிறார்.

“டேய், விக்கிரவாண்டியில உனக்கு என்னடா லேபு?”

“இல்லப்பா... பசங்களை டிராப் பண்ண...”

“விடிய ஆறு மணிக்கு வண்டி இங்க நிக்கணும். அறுபது கேன் கிடக்கு.”

இதனால்தான் அக்குழு எந்த ஊரிலும் இரவு தங்குவதில்லை. ரசிகர்கள் அதை மர்மம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தேர்தல் காலத்தில் வேறொரு சோதனை சேர்கிறது. நடத்தை விதிகள் அமலுக்கு வந்தவுடன், ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுசெல்வோரைப் பிடிப்பதற்காகப் பறக்கும் படையினர் நெடுஞ்சாலைகளில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். அந்தத் தொகையைக் கனவிலும் ஒருசேரப் பார்த்திராத குழுவின் ஓம்னியில், பெரிய மேளத்தின் உட்புறம் அதிகாரியின் கவனத்தை உடனே ஈர்க்கிறது. அதிர்வைக் குறைத்து ஒலியைக் கட்டுக்குள் வைப்பதற்காக அம்மேளத்துக்குள் தலையணை வைப்பது டிரம்ஸ் கலைஞர்களின் உலகளாவிய வழக்கம். இது தேர்தல் ஆணையத்தின் கையேடுகளில் சொல்லப்படவில்லை.

“என்னப்பா இது, மேளத்துக்குள்ள தலகாணி?”

“சத்தம் கம்மியா வர்றதுக்கு சார்.”

“சத்தம் கம்மியா வரணும்னா அடிக்காமயே இருக்கலாமே?”

ராக் இசையைப் பற்றித் தமிழில் வெளிவந்த விமரிசனங்களில் இதுவே மிகச் சுருக்கமானது.

விழா நடக்கும் இடத்தை அடைந்தபின் வண்டியுள்ள உறுப்பினரின் உண்மையான பணி தொடங்குகிறது. குழு ஏற்கெனவே அனுப்பிவைத்த ‘டெக் ரைடர்’ என்ற ஆவணத்தில், மேடையில் என்னென்ன கருவிகள் எங்கெங்கே வேண்டும் என்பது ஆங்கிலத்தில் நான்கு பக்கங்களுக்கு எழுதப்பட்டிருக்கும். அதை மாணவர் குழுவில் யாரும் படித்திருப்பதில்லை. மைக்செட்காரரிடம் காட்டினால், மடித்து ஸ்பீக்கரின் ஆடும் காலுக்கு அடியில் வைப்பார். அதன் பிறகு எல்லாம் ‘அண்ணே’ என்ற ஒரு சொல்லால் நடக்க வேண்டும். “அண்ணே, மானிட்டர்ல கொஞ்சம் பேஸ் குடுங்கண்ணே” என்று அவர் கேட்பது, வாசிப்பவர் தம் ஒலியைத் தாமே கேட்பதற்காக மேடையில் வைக்கப்படும் ஸ்பீக்கரைப் பற்றியது. அண்ணன் ஒரு குமிழைத் திருகுவார். அந்தக் குமிழ் எதனோடும் இணைக்கப்பட்டிருக்காது. ஆயினும் அண்ணன் திருகியதால் ஒலி மேம்பட்டதாக இருவரும் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்தது எர்த். மின் இணைப்பில் நிலத்தொடர்பு சரியாக இல்லாவிட்டால் கிட்டாரிலிருந்து ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் ஓயாமல் வரும். கிட்டாரைப் பிடித்தபடியே மைக்கில் உதடு பட்டால் பாடகர் எழுதாத ஒரு சுரத்தைப் பாடுவார். பாடகர்கள் இதில் செத்தும் போயிருக்கிறார்கள் என்பதால் வண்டியுள்ள உறுப்பினரின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் குத்தியிருக்கிறது. “அண்ணே, எர்த் இருக்கா?” என்று கேட்டால், “கரண்ட் வருதுல்ல? அப்புறம் என்ன தம்பி எர்த்து?” என்று பதில் வரும். அவரே ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, கேன்டீனிலிருந்து உப்பு வாங்கிக் கரைத்து ஊற்றி, கம்பியைச் சுற்றுவார். அப்படியும் இரைச்சல் முற்றிலும் போவதில்லை. இந்தியாவின் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. மேற்கத்திய இசையின் கீழ் ‘ஜி’ சுரத்துக்கு அதிர்வெண் 49. ஆகவே இரைச்சல் அதிகமான மேடைகளில் ‘ஜி’யை ஆதாரமாகக் கொண்ட பாடல்களை முதலில் வாசித்துவிடலாம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு, மின்வாரியம் இலவசமாகச் சுருதிப்பெட்டி போடுகிறது, கொஞ்சம் கூடுதல் சுருதியில்.

நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. அது குறுகியது. எட்டு மணிக்கு என்று அறிவிக்கப்பட்ட குழு, குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் உரை, அவருக்குப் பொன்னாடை, அவரை அழைத்து வந்தவருக்கும் பொன்னாடை ஆகியவை முடிந்து ஒன்பதே முக்காலுக்கு மேடையேறுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கின்றன. எத்தனையோ விதிகளைச் சாவகாசமாக அணுகும் நிர்வாகங்கள், ராக் குழு மேடையில் இருக்கும்போது மட்டும் இவ்விதியை நொடி பிசகாமல் காக்கின்றன. ஒரு பாட்டு முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து திரைப்பாட்டுக்கான கோரிக்கை எழும். பாடகர் கேளாதது போல் கண்ணை மூடிக்கொள்வார். பணத்துக்குப் பதிலாக முதலில் நினைவுப் பரிசு தருவார்கள். அதையும் வண்டியில் ஏற்ற வேண்டும்.

குழு வளர்ந்தால் இவர் என்ன ஆவார் என்பது நியாயமான கேள்வி. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ போல ஏறத்தாழ இருபது பேர் கொண்ட குழுவுக்கு ஓம்னி எதற்கும் போதாது. அமைப்பாளரே டெம்போ டிராவலர் அனுப்பும் நிலை வந்துவிட்டால் வண்டியுள்ள உறுப்பினர் வெறும் உறுப்பினராகிவிடுவார். பொத்தேரிக் குழுக்களில் இந்த ஆபத்து இதுவரை யாருக்கும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு நேர்வது வேறொன்று.

ஆடி மாதம் பிறந்ததும் கூடுவாஞ்சேரியிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரை அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றத் தொடங்குகிறார்கள். அந்த இரவுகளில் பாடுவதற்கு மெல்லிசைக் குழுக்கள் தேவைப்படுகின்றன. திரைப்பாடல்களை மேடையில் அப்படியே வாசித்துக் காட்டும் இக்குழுக்களை ராக் கலைஞர்கள் பெயர் சொல்லியும் அழைப்பதில்லை, ‘ட்ரூப்’ என்று உதட்டைச் சுழிப்பார்கள். அந்த ட்ரூப்பின் தலைவர், அறுபதைத் தொட்ட கீபோர்டு மாஸ்டர், தண்ணீர் கேன் வாங்கும் வீட்டுக்காரராக இருப்பார். “தம்பி, ஞாயித்துக்கிழமை வண்டி காலியாப்பா?” என்பதில் தொடங்கி, “உனக்கு பேஸ் வாசிக்க வருமாமே, நம்ம ஆளு மலேசியா போயிட்டான்” என்பதில் பேச்சு முடிகிறது. வண்டியுள்ள உறுப்பினர் போய் வாசிக்கிறார். ஒத்திகை கிடையாது, எண்பதுகளின் பாடல்கள் முப்பது, ஒவ்வொன்றின் பேஸும் அவர் விரலில் தயாராக இருக்கிறது. முன்பணம் வருகிறது, சாப்பாடு இலை போட்டு வருகிறது, ஒலியமைப்பாளர் அவரைச் ‘சார்’ என்கிறார். நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு உறைகள் தருகிறார்கள்: ஒன்று வாசித்ததற்கு, மற்றொன்று பெட்ரோலுக்கு. (வெள்ளை எண்பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது என்பதால் பெட்ரோல் என்றே சொல்லப்படுகிறது.) வாசித்ததற்கென்று தனியாக ஓர் உறை அவர் வாழ்க்கையில் அதுதான் முதல்.

ராக் குழுவுக்கு ஆடி ஞாயிறு ஒன்றில் கிண்டிப் பக்கம் ஒரு நிகழ்ச்சி கிடைக்கும்போது பாடகர் வழக்கம்போல வண்டியை எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும் என்று கட்டளையிடத் தொலைபேசியில் அழைக்கிறார். மறுமுனையில் நாட்காட்டி புரளும் ஓசை கேட்கிறது. “இந்த மாசம் தேதி இல்ல மச்சி. புரட்டாசியில பாக்கலாம்.” அந்த ஞாயிற்றுக்கிழமை குழு மின்சார ரயிலின் வியாபாரிகள் பெட்டியில், கீரைக்கட்டுகளுக்கும் பூக்கூடைகளுக்கும் நடுவே டிரம்ஸை அடுக்கிக்கொண்டு, பேஸ் இல்லாமலே கிண்டிக்குப் போகிறது. தலையணை ஓம்னியிலேயே தங்கிவிட்டபடியால் மேளம் அன்று முழுச் சத்தத்தோடு ஒலிக்கிறது. நுங்கம்பாக்கத்தில் இறங்க வேண்டிய பூக்காரப் பாட்டி, வழியெல்லாம் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, எந்தக் கோவில் உற்சவம் என்று டிரம்ஸ் கலைஞரிடம் விசாரிக்கிறார். அவர் முதன்முறையாகத் தமிழில் பதில் சொல்ல வேண்டியதாகிறது.